மிச்சப் பெயிண்ட்

முகூர்த்த நாட்களில் காலை ஆறு மணிக்கு அக்தர் பேகத்தின் வீட்டுக் கூடத்துக் கிழக்குச் சுவரிலிருந்து நாதஸ்வரம் கேட்கும், எட்டு மணிக்குச் சாம்பார் வாசம் வரும், மதியத்துக்கு மேல் எல்லாம் அடங்கிவிடும். தர்மபுரியில் பென்னாகரம் சாலையை ஒட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு அது. இரண்டாம் மாடியில் படி ஏறியதும் இடது கைப் பக்கம் வீடு. கிழக்குச் சுவரின் ரோஸ் நிறம் கடத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அடித்ததில் மிஞ்சியது. தெற்குச் சுவரின் நீலம் ஒரு பள்ளிக்கூடத்தில் மிஞ்சியது. வேலை நாட்களில் பத்தேகாலுக்கு அந்தச் சுவர் வாய்ப்பாடு ஒப்பிக்கும், ஏழாம் வாய்ப்பாட்டில் தினமும் ஒரு பையன் தடுக்கி விழுவான். படுக்கையறைச் சந்தன நிறம் பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டிக்காரர் ஆபீசில் மிஞ்சியது. வரத்து அதிகமான நாட்களில் ஏலக் கூச்சலில் அங்கே தலை வைத்துப் படுக்க முடியாது. ஆனால் தக்காளி விலை ஏறப்போகிறதா இறங்கப்போகிறதா என்று மாடி வீட்டுப் பெண்கள் அக்தர் பேகத்திடம்தான் கேட்டுக்கொண்டு போவார்கள்.

இதற்கெல்லாம் காரணம் அவளுடைய வீட்டுக்காரர் சலாவுதீன். மாவட்டம் முழுக்கச் சுவர் பூசியவர், தன் வீட்டுக்கென்று ஒரு டப்பா பெயிண்ட் வாங்கியதில்லை. எந்த வேலை முடிந்தாலும் வாளியின் அடியில் மிஞ்சியதை முதலாளியிடம் கேட்டு வாங்கி, சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வந்து வீட்டில் ஒரு சுவர் அடிப்பார். மற்ற பெயின்டர்களும் மிச்சம் கொண்டுபோகிறவர்கள்தான். அவர்கள் வீட்டுச் சுவர்கள் வாயைத் திறந்ததில்லை. சலாவுதீன் குச்சி போட்டுக் கலக்க மாட்டார், முழங்கை வரை வாளிக்குள் விட்டுக் கையாலேயே கலப்பார். அதனால்தான் ஒரே வாளியில் பூசிய இரண்டு சுவர்களும் ஒன்றை ஒன்று விடவில்லை என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். வேறு காரணம் யாருக்கும் தோன்றாததால் அதுவே நின்றுவிட்டது. சத்தம் அந்தப் பக்கமும் போய்க்கொண்டுதான் இருந்தது. வாய்ப்பாடு நடக்கும்போது யார் வீட்டுக் குக்கர் இப்படிக் கத்துகிறது என்று அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பல வருடம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறை மட்டும் பச்சை. எந்தக் கடைக்காரரின் வண்ண அட்டையிலும் இல்லாத பச்சை. இண்டூரில் நஞ்சம்மாள் என்ற தனிக்கட்டையின் வீட்டு அடுப்படிக்காக, நான்கைந்து டப்பாக்களின் அடிமண்டியைச் சேர்த்துச் சலாவுதீன் கலந்தது. பாதி வாளி அங்கே போயிற்று, பாதி இங்கே வந்தது. அதிலிருந்து பன்னிரண்டு வருடமாக அக்தர் பேகத்தின் சமையலறையில் இன்னொரு சமையலறையும் நடந்துகொண்டிருந்தது. உரல் இடிக்கும், தாளிக்கும், ஆட்டை விரட்டும். அந்தச் சத்தம் யாருடையது என்று அக்தர் பேகம் கேட்டதில்லை. எந்த ஊர் மிச்சமோ என்று விட்டுவிட்டாள். அவள் வாசலில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள், தலைக்கு மேல் வேலை.

சலாவுதீன் நுரையீரல் கெட்டு, ஒரு வருடம் வீட்டோடு கிடந்து, மூன்று வருடத்துக்கு முன் இறந்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து உறவுக்காரர்கள் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிய மறுநாளிலிருந்து சமையலறைச் சுவரின் அட்டகாசம் தாங்க முடியாமல் போயிற்று. முன்பெல்லாம் வேளைக்கு ஒருமுறை கேட்ட உரல் இப்போது பகல் முழுக்க இடித்தது. மகள் அலீனா ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்தியதும் ஆரம்பிக்கும், அவள் திரும்பி வந்ததும் நிற்கும். பாத்திரம் உருளும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பெண் குரல் ஆட்டிடம் ஊர்க்கதை சொல்லும். அக்தர் பேகம் கரண்டியால் சுவரைத் தட்டித் திட்டுவாள். “கொஞ்ச நேரம் சும்மாதான் இருங்களேன், தலை வலிக்குது” என்பாள். அரை நிமிடம் அமைதியாக இருக்கும், பிறகு ஒரு தட்டு விழும். இப்படித் திட்டியே மூன்று வருடம் போயிற்று.

அலீனாவைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள் சேலத்துக்காரர்கள். கூடத்தில் வாய்ப்பாடு கேட்டது, அதைக்கூட அவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா சமையலறையைப் பார்க்கலாமா என்று உள்ளே கால் வைத்த நேரம், சுவர் உரத்த குரலில், “ஏய், உன்னைய யாரு உள்ள வரச் சொன்னது? வெளிய போடி!” என்றது. ஆட்டுக்குச் சொன்னது அது. அந்த அம்மா அப்படியே திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். பின்னாலேயே ஓடி அது ஆடுங்க, எந்த ஊர் ஆடோ தெரியலீங்க என்று என்ன சொல்லி விளங்கவைப்பது? அன்று அலீனா அழவில்லை, அதுதான் அக்தர் பேகத்தைச் சுட்டது. சுவர்கள் வாயை மூடினால்தான் இந்தப் பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கும் என்று முடிவு கட்டினாள்.

அடுத்து கிருஷ்ணகிரியிலிருந்து தௌபிக் என்ற பையனின் வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மாவும் மகளும் வீட்டைப் புதுசாக்கக் கிளம்பினார்கள். கையைக் கடிக்காத செலவில் என்னென்ன ஆகுமோ அத்தனையும் ஆயிற்று. ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு சோபாவுக்கு உறை வந்தது. கல்யாணத்துக்கு எடுத்த பனாரஸ் புடவை கிழிசல் தெரியாமல் மடிப்பு வைத்து ஜன்னல் திரையாயிற்று. துருப்பிடித்த பாத்திர அலமாரிக்கு அலீனா கறுப்பு ஸ்ப்ரே அடித்து, மேலே இரண்டு மணி பிளான்ட் பாட்டில் வைத்தாள். ஆன்லைனில் தள்ளுபடியில் வந்த கண்ணாடி ஒன்றை வாசலுக்கு எதிரே மாட்டியதும் கூடம் இரண்டு மடங்காகிவிட்டது போல் இருந்தது. கடைசியாகச் சுவர். வாழ்நாளில் முதல் முறையாக அந்த வீட்டுக்கென்று புது வாளி வெள்ளை வாங்கினார்கள். கலக்குவதற்குக் குச்சி எங்கே என்று அலீனா தேடிக்கொண்டிருக்கும்போதே அக்தர் பேகம் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள். வேறு விதமாகக் கலக்கி அவள் பார்த்ததே இல்லை.

முதல் கோட்டிலேயே கிழக்குச் சுவரின் நாதஸ்வரம் பாட்டு நடுவில் நின்றது. வாய்ப்பாட்டுப் பையன் தடுக்கி விழும் முன்பே போனான். தக்காளி மண்டி ஒரு பகலில் மூடிக்கொண்டது. சமையலறையைக் கடைசியாக அடித்தார்கள். இரண்டாவது கோட் காய்ந்தபோது உரல் நின்றது. வாளியில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது, மூடி போட்டுப் பரண்மேல் வைத்தார்கள்.

தௌபிக்கின் அம்மா அன்ஜும் வந்தார், உட்கார்ந்தார், சோபா உறையைத் தடவிப் பார்த்து எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். வீடு பளிச்சென்று இருக்கிறது, சத்தம் சந்தடி இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். தேதி குறித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். அக்தர் பேகம் அன்றிரவு நன்றி சொல்லி ஷுக்ரானா தொழுதாள்.

மறுநாள் அலீனா வேலைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வீடு கிணற்றுக்குள் இறங்கியது போல் ஆயிற்று. அக்தர் பேகம் மிஷினில் உட்கார்ந்தாள், பத்துத் தையல் போடுவதற்குள் எழுந்தாள். குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தாள். தட்டைக் கீழே போட்டுப் பார்த்தாள். அவள் போட்ட தட்டு அவள் போட்டதாகத்தான் கேட்டது. நான்காம் நாள் சமையலறைச் சுவரைக் கரண்டியால் தட்டி, “என்ன, கோவமா?” என்று கேட்டுவிட்டு, தான் கேட்டதை நினைத்து வெட்கப்பட்டாள். புருஷன் போய் மூன்று வருடம் ஆகிறது. ஆனால் தான் தனியாக இருக்கிறோம் என்பது இந்த வாரம்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பயமாக இருந்தது. அலீனாவும் போய்விட்டால் இந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே எப்படி நாளை ஓட்டுவது என்று நினைத்து, சோறு வைத்த தட்டை அப்படியே மூடி வைத்தாள்.

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, ஒரு மஞ்சள் பை நிறைய அவரைக்காயோடு, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் படியேறி வந்து மூச்சு வாங்க நின்றாள். பெயின்டர் சலாவுதீன் பாய் வூடு இதுதானுங்களா என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் அக்தர் பேகம் மிஷின் பெடலிலிருந்து காலை எடுத்தாள். மூன்று வருடமாகத் தான் திட்டிக்கொண்டிருந்த குரல் அது.

“நஞ்சம்மாளுங்க. இண்டூரு. பத்து நாளுக்கு மேலா உங்க வூட்டுச் சத்தமே கேக்கலீங்க. மொதல்ல ஊருக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சனுங்க. அப்பறம் பயம் வந்துருச்சு. உங்களுக்கு ஒண்ணும் ஆவலியேங்க?”

அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நஞ்சம்மாள் சமையலறையை எட்டிப் பார்த்தாள், வெள்ளையைக் கண்டாள், புரிந்துகொண்டாள். முகம் விழுந்துவிட்டது, ஆனால் குறை சொல்லவில்லை. நல்லா இருக்குதுங்க, வெளிச்சமா இருக்குதுங்க என்றாள். அக்தர் பேகம் மனதில் இருந்ததையே கேட்டாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அப்படி என்னதான் நாளெல்லாம் இடிப்பீங்க? ஒத்தை ஆளுக்கு?”

நஞ்சம்மாள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, “சொல்லக் கூடாதுன்னு சொன்னாருங்க. இனிமே சொன்னா என்ன” என்று ஆரம்பித்தாள். சலாவுதீன் வீட்டோடு கிடந்த வருடம், அக்தர் பேகம் துணி வாங்கவும் கொடுக்கவும் வெளியே போகும் நேரங்களில், அவர் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். நஞ்சம்மாளுக்குக் குரல் தெரிந்துதான் இருந்தது, தன் வீட்டுக்குச் சுவர் பூசியவர் குரல் தெரியாதா? ஒரு நாள் அவரே சுவரைப் பார்த்துப் பேசினார். நஞ்சம்மாள் அதை ஒரு சொல் மாறாமல் சொன்னாள்.

“‘நஞ்சம்மா, நீங்கதான்னு தெரியும். எனக்கு இனிமே ரொம்ப நாள் இல்ல. எங்க வூட்டுக்காரிக்கு சத்தமில்லாத வூடு ஆவாது. நான் போனப்பறம் பகல்ல கொஞ்சம் பாத்திரத்த உருட்டிக்கிட்டு இருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, கோவிச்சுக்குவா.’ அவ்ளோதானுங்க. வெறும் உரலத்தானுங்க இடிச்சேன். மூணு வருசமா.”

அக்தர் பேகத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது, அவர் சொன்னது போலவே. தன்னிடம் சொல்லாமல் போய் ஊரான் வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே என்று அவரைத் திட்டினாள், உள்ளே இருப்பவரைத் திட்டுவது போல உரக்கவே திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நஞ்சம்மாள் எழுந்து போய்ப் பால் பொங்கப் போவதைப் பார்த்து அடுப்பை அணைத்தாள். புது இடம் என்ற தயக்கமே இல்லை, அடுப்பின் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்தர் பேகம் பரண்மேல் இருந்த வாளியை இறக்கி, மூடியை டேப் போட்டு ஒட்டி, இண்டூர் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டுச் சண்டை போட்டார். நஞ்சம்மாளின் வீடு ஓட்டு வீடு. அடுப்படிக்குள் நுழைந்ததும் அக்தர் பேகம் நின்றுவிட்டாள். அந்தப் பச்சை அங்கே அப்படியே இருந்தது. தன் வீட்டில் தானே மூடிவிட்ட பச்சை, சலாவுதீனின் கை கலந்தது, உலகத்திலேயே இனி இந்த ஒரு சுவரில்தான் மிச்சம். பிரஷ்ஷைத் தோய்த்தாள், பூசவும் ஆரம்பித்தாள், ஆனால் அடுப்புக்கு மேலே கையகல இடம் மிஞ்சியபோது கை எழவில்லை. அந்த இடத்தில் அவர் பிரஷ் இழுத்த தடம் கூடத் தெரிந்தது.

“பூசுங்க பாயம்மா” என்றாள் நஞ்சம்மாள். “சத்தம் கேக்காத பச்சைய வெச்சுக்கிட்டு நானு என்ன பண்றது? அவரு கேட்டது சத்தந்தானே.”

அக்தர் பேகம் உள்ளங்கையை அந்த இடத்தில் ஒருமுறை வைத்து எடுத்துவிட்டுப் பூசினாள். மதியம் இரண்டாவது கோட் போட்டாள். ஆடு வாசலில் நின்று பார்த்தது, யாரும் அதை விரட்டவில்லை. இரண்டு பேரும் களி கிண்டிச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் சுவர் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கடையில் வாங்கிய வெள்ளைக்கு அந்தக் குணம் இருக்காதோ என்னவோ, கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அக்தர் பேகம் எழுந்தாள். நஞ்சம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சுவரில் ஒரு டப்பா மூடி திறந்தது. இன்னொன்று திறந்தது. பிறகு, சமையலறைப் பக்கம் அதிகம் போகாத அலீனாவின் குரல், பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, பக்கத்தில் நின்று கேட்பது போலக் கேட்டது. உப்பை எங்கே வைத்துத் தொலைத்தாய் அம்மி என்று, எதிரில் இல்லாத அம்மாவிடம் கேட்பது போல, தனக்குத் தானே உருதுவில் அலுத்துக்கொண்டாள். அக்தர் பேகம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நஞ்சம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல், பேட்டா, அது ஜன்னல் பக்கத்துத் தட்டில், திறந்தால் கீச்சென்று கத்துமே, அந்த டப்பா என்றாள். உருதுவில் சொன்னாள். பன்னிரண்டு வருடம் சுவர் வழியாகக் கேட்டு, யாரும் கற்றுக்கொடுக்காமல் வந்த உருது. கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்து, மகளே என்கிற அந்தப் பேட்டாவில் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்து, சலாவுதீன் மகளிடம் எப்படிப் பேசுவாரோ அப்படியே.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டில் பாத்திரங்கள் நகர்ந்தன. பிறகு ஒரு டப்பா கீச்சிட்டது. கிடைத்துவிட்டது என்றாள் அலீனா, ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று அடுத்துக் கேட்டாள். நஞ்சம்மாள் இரண்டரை என்று சொன்னாள். அக்தர் பேகம் கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு, உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவினாள்.