முதல் குரல்

புதிய ஆல்பம் வெளியான வாரத்தில் ஜெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. கடலோரப் பெரியதாழைக்காரி, மாதா கோயில் பாட்டுக்குழுவில் தொண்டை பழகியவள், தானே எழுதித் தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவள். முன்பு போட்ட ஆல்பங்களைக் கேட்கச் சொந்தக்காரர்களைத் தவிர வேறு நாதியில்லை. இந்த முறை சென்னை ஸ்டுடியோவில் பதிந்ததில் ஒரு பாட்டு பிடித்துக்கொண்டது. காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதேன் என்று ஒருவன் எழுதினான். கடலைப் படத்தில் மட்டும் பார்த்த விமர்சகர் ஒருவர், ‘இந்தக் குரல் உப்புக் கரிக்கிறது’ என்று பத்திரிகையில் எழுதினார். எழுதட்டும், அவர் பிழைப்பு அது.

அந்தப் பாட்டு, அவள் அண்ணன் இனிகோவுக்கு அவள் பாடிய ஒப்பாரி.

மூன்று வருடத்துக்கு முன்பு, புயல் வந்த அன்று கடலில் இருந்தவன் இனிகோ. வள்ளம் உடைந்து கரை ஒதுங்கியது. கூடப் போனவர்களின் உடல்கள் வந்து சேர்ந்தன. அவன் மட்டும் வரவில்லை. அவன் மனைவி விஜிலா தாலியைக் கழற்றவில்லை, அடக்கப் பூசைக்கும் சம்மதிக்கவில்லை. “எங்கயாச்சும் தீவுல கரையேறியிருப்பாவ” என்றாள். நடக்காத காரியம் என்று தெரியாதவர் தெருவில் யாருமில்லை. இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட்டினவள் முதல் குரல் எடுக்காமல் அந்தத் தெருவில் மற்றவர்கள் ஒப்பாரி பாடுவதில்லை. விஜிலா குரல் எடுக்கவில்லை. ஆகவே இனிகோ சாகவில்லை.

இது ஜெர்லினுக்குத் தெரியாதா? பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றபோது, இது தெருவில்லையே, வெறும் பாட்டுதானே என்று நினைத்துவிட்டாள். பாவி, அண்ணன்மேல் அவ்வளவு ஆசை அவளுக்கு. அந்த ஆசைதான் கண்ணை மறைத்தது.

மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கினாள். அண்ணன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போடுவதுபோல. பெட்டியை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் உள்ளே போனாள்.

“மைனி, அந்தப் பாட்ட எடுத்துரச் சொல்லுதேன். இப்பவே போன் போடுதேன்.”

“மினிபஸ்ல கேட்டவ காதுக்குள்ள இருந்தும் எடுத்துருவியா?” விஜிலாவின் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் ஜெர்லின் தாங்கியிருப்பாள். “‘தங்கச்சிக்காரியே பாடிட்டா, இனி என்ன’ன்னு ஒவ்வொருத்தியா வந்து என் கையப் பிடிச்சி அழுதாவ. சாமியாரு பூசைக்கு நாள் குறிச்சிட்டுப் போயிட்டாரு. வேண்டாம்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். சத்தமே வரல.”

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஜெர்லின் மைனியின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். விஜிலா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். அது அடித்ததைவிட வலித்தது.

பூசை நடந்தது. பெட்டியில்லாத அடக்கம். வீடு திரும்பியதும் பெண்கள் விஜிலாவைச் சுற்றி உட்கார்ந்து, அவள் குரல் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். விஜிலா வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. மறுபடியும் திறந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். காத்திருந்தவர்களால் தாங்க முடியவில்லை.

அடுத்த வீட்டு பிளாரன்ஸ் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பொறுக்கமாட்டாமல்தான் போனைத் தட்டினாள். வயலின் இழைய, ஜெர்லினின் குரல் எழுந்தது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அந்தக் குரலோடு சேர்ந்து அழத் தொடங்கினார்கள். மூன்று வருடத்து அழுகை.

ஜெர்லின் போனைப் பிடுங்கப் பாய்ந்தாள். விஜிலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பாட்டை முடியும்வரை கேட்டாள்.

“நல்லாத்தான் பாடியிருக்க. அவியளுக்கு நான் அழுறதுக்கு வச்சிருந்தது பூரா இதுல இருக்கு, ஏளா. எனக்குத்தான் ஒண்ணும் மிச்சமில்ல.”

பிளாரன்ஸ் பாட்டை மறுபடியும் வைத்தாள். அன்று அந்த வீட்டில் அழாதவள் விஜிலா ஒருத்திதான்.