இரண்டாம் எண் புட்டி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம். அன்று மேசையில் இருந்தவை நான்கு புட்டிகள் என்பது என் நினைவு. ஐந்து என்கிறாள், அன்று ஊற்றிக்கொடுத்த ஹில்டா. அவள் குடிக்கவில்லை, நான் குடித்தேன். அவள் கணக்கை எடுத்துக்கொள்வதுதான் நியாயம். ஆனால் கதை சொல்வது நான், ஆகவே நான்கு.

இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு மதுக்கூடம். அதன் மாடியறையில் எங்கள் சங்கம் கூடும். கீழே நல்ல பீர் விற்பார்கள். அதற்கு மேல் உட்கார்ந்து, வீட்டில் நாங்களே காய்ச்சிய மோசமான பீரைக் குடித்து, ஒருவரையொருவர் பாராட்டாமல் இருப்போம். பிப்ரவரியில் ஏல் என்கிற கனத்த பீருக்கான போட்டி. ஓராண்டு புட்டியில் கிடந்து கறுத்த சரக்கு அது. இரண்டு கிளாஸ் உள்ளே போனால் சொந்தப் பெயரே அன்னியமாகத் தெரியும்.

வெளியிலிருந்து நடுவர் கிடையாது. அப்படி ஒரு தியாகத்துக்கு எவரும் முன்வந்ததில்லை. போட்டியாளர்களே எண் ஒட்டிய புட்டிகளைச் சுவைத்து மதிப்பெண் போடுவோம். எல்லாரும் குடித்து முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. முகமும் எதையும் காட்டக்கூடாது. அந்த மௌனத்துக்காகத்தான் நான் சங்கத்தில் சேர்ந்தேன்.

மற்றவர்களுக்குப் பரிசுக் கோப்பை மேல் ஆசை மட்டுமே. வில்ஃப் ஆக்டனுக்கு அது தேவையாக இருந்தது. பல வருடங்களாகக் கராஜில் காய்ச்சியும் அவன் ஒன்றும் ஜெயித்ததில்லை. இந்த முறையும் தோற்றால் பீப்பாய்களை வெளியேற்றி, கராஜை அறையாக்கி, தன் அண்ணன் நார்மனைக் குடிவைப்பதாக அவன் மனைவி ஹில்டா அறிவித்திருந்தாள். நார்மன் நல்ல மனிதர். ஆனால் பேசுவார்.

"ஜெயிச்சிருவியா?" என்று படியேறும்போதே ஹில்டா கேட்டாள்.

"என் சரக்கு எனக்குத் தெரியாதா?"

"அத யாரு கேட்டா? ஜெயிப்பியான்னு கேட்டேன். அண்ணன் பெட்டி கட்டி வச்சிட்டாரு."

குடிக்காதவள் என்பதால் எண் ஒட்டுவதும் ஊற்றுவதும் ஹில்டாவின் வேலை. எது யாருடையது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

முதல் புட்டியை மறந்துவிட்டேன். இரண்டாவதை மறக்க முடியவில்லை. திராட்சை, ஆரஞ்சுத் தோல், லேசாகக் கருகிய சர்க்கரை. தொண்டையில் இறங்கிய பிறகும் அது போக மனமில்லாமல் நின்றது. மூன்றாவது என்னுடையது. அதைப் பற்றி அன்றும் பிறகும் எவரும் எதுவும் சொல்லவில்லை. நான்காவது சில்லென்று, இரும்புக் கேட்டை நக்கியதுபோல் இருந்தது. அதைக் குடிக்கும்போது வில்ஃபின் கண்கள் கலங்கின. அது விதிமீறல்தான். நாங்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டோம்.

மௌனம் முடிந்ததும் அவன்தான் முதலில் பேசினான்.

"ரெண்டாம் நம்பர் ஒரு ஏலா? கிறிஸ்மஸ் கேக்கப் பிழிஞ்சு வடிகட்டுன மாதிரி இருக்கு. கூச்சமே இல்லாம எல்லாத்தையும் கடை விரிச்சுக் காட்டுது."

ஹில்டா வாயைத் திறந்தாள். தலைவர் டெரிக் சக்டன் உதட்டில் விரல் வைத்தார். ஊற்றுபவர் பேசக்கூடாது.

"எனக்குப் பரவால்லன்னு பட்டுச்சே, வில்ஃப்" என்றார் டெரிக்.

"உங்களுக்குச் சளி, தலைவரே."

சளி இருந்தது உண்மை. அவர் ஏற்றுக்கொண்டார்.

"நாலாம் நம்பரப் பாருங்க" என்றான் வில்ஃப், தரையைப் பார்த்தபடி. "என்ன ஒரு அடக்கம். ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. காய்ச்சுனவன் யாரோ, பெரிய பொறுமைசாலி."

"எனக்கு ரெண்டுதான் புடிச்சுது" என்றேன்.

"புடிக்கிறதுக்கும் மதிப்பிடுறதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

எங்கள் சங்கத்தைப் பொறுத்தவரை அது மறுக்க முடியாத வாதம். நான் மட்டும் இரண்டுக்குப் போட்டேன். டெரிக் மூக்கைத் துடைத்துக்கொண்டு நான்குக்குப் போட்டார். முன்னால் பேசியவர் சொன்னதையே எப்போதும் சொல்லும் நான்காவது உறுப்பினர், அன்றும் தவறவில்லை.

ஹில்டா பெயர்களை அறிவித்தாள். நான்கு, டெரிக் சக்டன். இரண்டு, வில்ஃப் ஆக்டன்.

என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமான மௌனத்தை நான் கேட்டதில்லை.

"கார் டிக்கிலேர்ந்து அப்பதான் எடுத்தேன்" என்றார் டெரிக், மன்னிப்புக் கேட்பதுபோல. "ஐஸா இருந்துச்சு."

"நம்மது இப்படி மணக்காதே, ஹில்டா" என்றான் வில்ஃப். " நேத்துக்கூட கராஜ்ல குடிச்சுப் பாத்தனே."

"பிப்ரவரில, கராஜ்ல, மூக்கு வெறச்சுப்போயி. சரக்கு சில்லுனு இருந்தா வாசனை எங்கேர்ந்து வரும்? இங்க நான் கணப்புக்குப் பக்கத்துல வச்சேன், ஜெயிக்கணுமேன்னு. வீட்டுக்குள்ள கொண்டாந்து ஒரு வாய் குடிச்சிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

"வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு நீதான சொன்ன."

"சொன்னேன்" என்றாள் அவள்.

வில்ஃப் இரண்டாம் புட்டியில் மிச்சமிருந்ததை, அடியில் படிந்த ஈஸ்ட்டோடு ஊற்றிக் குடித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. தலைவரே, மறுபடி மதிப்பெண் போடலாமா?"

"அடக்கம்னு சொன்னியே, வில்ஃப்" என்றார் டெரிக். "அதையே கடைப்பிடிப்போம்."

நார்மன் மார்ச்சில் வந்தார். கராஜில் கம்பளம் விரித்து, ஜன்னலும் வைத்துவிட்டார்கள். வில்ஃப் இப்போது காய்ச்சுவதில்லை. மாலைகளில் நார்மன் பேசுவதைக் கேட்கிறான். எஞ்சிய புட்டிகளை ஹில்டா மாட்டிறைச்சிக் குழம்பில் ஊற்றித் தீர்த்தாள். டெரிக் கோப்பையோடு மகள் வீட்டுக்கு, லீட்ஸுக்குப் போய்விட்டார். நான்காவது உறுப்பினர் தேவாலயக் குழுவில் சேர்ந்திருக்கிறார். நான் கீழ்த்தளத்தில், காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறேன்.