அங்கி அறையில் ஒரு தனிப்பாட்டு

தனிப்பாட்டு பாடிய ஞாயிற்றுக்கிழமைகளில், பியூட்டி பார்லர் நடத்தும் பார்லர்க்காரி நேராக வீட்டுக்குப் போனதே கிடையாது. ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசற்படியில் நின்றுவிடுவாள். "அருமையா பாடினீங்க" என்று யாராவது சொன்னால், "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று தலையைத் தாழ்த்துவாள். தலைதான் தாழும், கண்ணோ அடுத்து யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர் வண்டியில் காத்துக் காத்து அலுத்துப்போய், "வசூல் முடிஞ்சுதா? கிளம்பலாமா?" என்பார்.

அந்த ஞாயிறும் தனிப்பாட்டு இருந்தது. ஊரிலுள்ள கல்யாணப் பெண்களுக்கெல்லாம் கொண்டை போடுகிற கை, தன் தலை என்றால் சும்மா விடுமா? சர்ச்சுக்கு வந்ததும் கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கொண்டையைக் கடைசியாகக் கண்ணாடியில் ஒருமுறை பார்க்க, பாட்டுக்குழுவின் அங்கிகள் தொங்கும் சின்ன அறைக்குள் நுழைந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திறக்கப் போனால் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது.

தட்டினாள், கத்தினாள். வெளியே ஆர்கன் முழங்கும்போது யார் காதில் விழும்? போனோ கைப்பையில். அதற்குள் அவள் பாட்டுக்கான இசை தொடங்கிவிட்டது. ஐயோ, என்னைத் தேடுவார்களே என்று பதறினாள். யாரும் தேடவில்லை. பாட்டுக்குழு கொஞ்சம் தடுமாறிவிட்டு, எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடியது. நன்றாகவே பாடியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அங்கிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். "ஆண்டவரே, இவ்வளவு பாடிப் பழகினேனே! கேக்க ஒருத்தர்கூட இல்லையே!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. கேட்க ஆளில்லை என்று அவரிடமே புகார்! அழுகைக்கு நடுவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மன்னிச்சுக்கோங்க, நீங்க இருக்கீங்கல்ல? சரி, கேளுங்க."

எழுந்து பாடினாள். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது, விழட்டும். உச்சியில் சுருதி பிசகியது, பிசகட்டும். அப்பா முன்னால் ஆடிக்காட்டும் குழந்தைபோலச் சுற்றிச் சுற்றி வந்து, மூச்சிரைக்க, முதலிலிருந்து மறுபடியும் பாடினாள்.

ஆராதனை முடிந்து, தேடிக்கொண்டு வந்த கணவர் கதவைத் திறந்தார்.

"இங்க என்ன பண்றே? தலைக்கு என்ன ஆச்சு?"

"பாடிக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

அவள் மேலே கையைக் காட்டினாள். கணவர் கூரையில் பல்லி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்.

வாசலில், எப்போதும் முதல் ஆளாகப் பாராட்டும் பல் டாக்டரம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு உங்க பாட்டுல அப்படியே உருகிட்டேன்!"

"டாக்டரம்மா, நான் பாடவே இல்லையே! உள்ள ரூம்ல மாட்டிக்கிட்டேன்."

டாக்டரம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஐயோ... ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லி வாய் பழகிடுச்சும்மா."

இந்த வார்த்தைக்காகவா இத்தனை காலம் கால் கடுக்க நின்றோம்! பார்லர்க்காரி படியிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். டாக்டரம்மாவையும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

பாட்டுக்குழுத் தலைவர் பதறியபடி வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரம் கண்டிப்பா உங்க தனிப்பாட்டுதான்."

"கொடுத்தா பாடறேன், சார். கொடுக்காட்டி பின்வரிசையில நின்னு பாடறேன். ரெண்டும் அவருக்குக் கேக்கும்."

வீட்டுக்குப் போகிற வழியில் கார் ஜன்னலை இறக்கிவிட்டுப் பாடினாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பி முறைத்தார். அவள் நிறுத்தவில்லை. சுருதி என்றால் என்னவென்றே தெரியாத கணவரும் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு கூடவே பாட ஆரம்பித்தார்.