மகளுக்கு முன்னால் அவர் சேர்ந்த வகுப்பு

"இது போகுமா, பாரு" என்று அவர் சட்டையின் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பென்சில் கரி அப்பி மினுமினுத்தது. "சோப்பு போட்டா போயிடும்" என்றேன். "கிரீஸுக்கு இது பரவாயில்ல" என்றபடி வேறு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் சட்டையில் கிரீஸ் இருந்தால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பென்சில் கரி வந்தது எங்கள் மகளால்.

நடக்கப் பழகியபோதே சுவரெல்லாம் கிறுக்கியதால் அவளுக்குக் கிறுக்கி என்று பெயர் வைத்தவர் அவர்தான். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவருவேன். அவற்றைப் பிரித்து, உள்பக்கத்தில் வரைவாள். சோபாவில் வாயைத் திறந்து தூங்கும் என் அக்காவை அவள் வரைந்ததைப் பார்த்துவிட்டு அக்கா ஒரு வாரம் எங்கள் வீட்டில் உட்காரவே யோசித்தாள். முகம் அப்படி வரும். ஆனால் அவள் படங்களில் எல்லாரும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டிருப்பார்கள், அல்லது முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார்கள்.

அதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். "ஏன் கிறுக்கி, உன் ஊர்ல எல்லாருக்கும் குளிரா?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கை வரமாட்டேங்குதுப்பா. எத்தனை தடவை போட்டாலும் கையுறை மாதிரியே இருக்கு."

அப்போதுதான் வகுப்பில் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தது. முதலில் போய்ப் பார்த்த இடத்தில் ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் நிறையப் பிள்ளைகளின் படங்கள் எல்லாம் இருந்தன. எல்லாப் படத்திலும் ஒரே சூரியன் ஒரே மலைக்கு நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் பென்சிலை வாங்கி ஆசிரியரே மிச்சத்தை வரைந்து முடித்தார். "முடிச்சா சான்றிதழ் தராங்களாமே" என்றாள் அக்கா. "யாருக்கு, அந்த சாருக்கா?" என்றார் இவர்.

இரண்டாவது இடம் பழைய கட்டடத்தில், ஒரே அறை. அங்கே சொல்லித்தந்தவரை எல்லாரும் வாத்தியாரம்மா என்றார்கள். மருத்துவப் புத்தகங்களுக்கு எலும்பும் தசையும் வரைந்துகொண்டிருந்தவராம். பார்த்துவிட்டு வீடு வந்ததும் இவர் சொன்னார்: "முதல்ல நான் சேர்றேன்."

"நீங்களா? உங்களுக்கு நேரா ஒரு கோடு போடத் தெரியுமா?"

"தெரியாது, அதுக்குத்தான். ரிப்பேர் பார்த்த லிஃப்ட்ல நான் ஏறி இறங்காம யாரையாவது ஏத்தியிருக்கேனா? நல்லா வரையற பிள்ளைய எந்த டீச்சரும் தலைல தூக்கி வச்சுப்பாங்க. என்னை மாதிரி ஒண்ணு வந்தா என்ன பண்றாங்கன்னு பார்க்கணும்."

"அப்பா, எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் மகள்.

"சிரிச்சுட்டுப் போகட்டும். காசு குடுத்து சிரிக்கறாங்க, பாவம்."

சொன்னபடியே சேர்ந்தார். பிள்ளைகளுக்கான குட்டி முக்காலியில் முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, சனிக்கிழமைகளில் வரைந்தார். திரும்பி வந்து சாப்பிடும்போது எங்களுக்கு வகுப்பு நடக்கும். வாத்தியாரம்மா ஒரு நாற்காலியை நடுவில் வைத்து, "நாற்காலிய விடுங்க, காலுக்கு நடுவுல தெரியற இடைவெளிய மட்டும் போடுங்க" என்றாராம். இவர் போட்டது ஆடு மாதிரி வந்ததாம். அந்தம்மா யார் தாளிலும் கை வைக்கமாட்டாராம். தன் தாளில் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டு, யாரும் பார்த்து வரைந்துவிடக் கூடாதென்று உடனே கிழித்துப் போட்டுவிடுவாராம். இதைச் சொன்னபோது அவர் குரலில், நன்றாக ஓடும் மோட்டாரைப் பற்றிப் பேசும்போது வரும் மரியாதை இருந்தது.

"அப்போ நான் சேரலாமா?" என்றாள் மகள்.

"இரு. ஒரே ஒரு சந்தேகம் இருக்கு. கேட்டுட்டு சொல்றேன்."

அந்தச் சனிக்கிழமை அவர் சிரித்த முகமாகத்தான் திரும்பினார். வீடு நிறைய அக்கா குடும்பம் இருந்ததால் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. அடுத்து வந்த வேலைநாள் காலையில்தான் அந்தச் சட்டைக் கை.

அதற்குப் பிறகு மகள் அட்டைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். எங்களுக்குச் சமைத்துப் போட்டு, கூடவே படுத்து, எல்லாம் பார்த்துக்கொண்டவள் அக்காதான். அவள் சொன்னதிலும் தப்பில்லை. "ஒத்தைச் சம்பளம்டி இனிமே. போன்ல சும்மாவே சொல்லித்தராங்க. இவளுக்குத்தான் தானா வருதே, எதுக்குக் காசு குடுத்துக் கத்துக்கணும்?"

ஏறிப் பார்த்தவர் என்ன முடிவு செய்தார் என்று தெரியாமல் மகளை அனுப்பவும் மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் ஒருநாள் தனியாகப் போனேன்.

வாத்தியாரம்மாவுக்கு விஷயமே தெரியாது. "அவரை எங்க ஆளையே காணோம்? பொண்ணோட வருவார்னு பார்த்துட்டு இருக்கேன்" என்றார். சொன்னேன். கையிலிருந்த ரப்பரை மேசையில் வைத்துவிட்டு எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்ககிட்ட ஏதோ கேட்கணும்னு சொன்னாரும்மா. கேட்டாரா?" என்றேன்.

"கேட்டார். 'என் பொண்ணு உங்களைவிட நல்லா வரைய ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க'ன்னார். அன்னிக்கே அவளை நிறுத்திடுவேன், வேற ஆளைக் கைகாட்டி விடுவேன்னு சொன்னேன். அப்படி ஒரு சிரிப்பு அவருக்கு. 'அப்போ அடுத்த சனிக்கிழமை நான் இறங்கிக்கறேன், அவ ஏறிக்கட்டும்'னார்."

எனக்கு இன்னும் கொஞ்சம் அவரைப் பற்றிக் கேட்க வேண்டும் போல இருந்தது. "அவர் கொஞ்சமாவது தேறினாரா?"

"பொய் சொல்லக் கூடாது. ரொம்ப மோசம்" என்றார். "ஆனா ஒரு கோட்டைக்கூட அழிக்கமாட்டார். தப்புன்னு தெரிஞ்சாலும் அது பக்கத்துலயே இன்னொண்ணு போடுவார். இந்தப் பிள்ளைங்களுக்கு ரப்பர் இல்லாம வரையலாம்னு காட்டினதே அவர்தான்."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்.

"அப்பா சரின்னாரா?"

"சரின்னாராம்."

"நிஜமா? நீயா சொல்லலையே?"

"வேணும்னா நீயே அவங்களைக் கேளு."

சனிக்கிழமை கேட்கத்தான் வந்தாள். கேட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

இப்போது அவள் படத்து மனிதர்கள் கையை வெளியே எடுத்துவிட்டார்கள். சில விரல்கள் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அவற்றை அவள் அழிப்பதில்லை. "காசு குடுத்தது வீண் போகல போலிருக்கே" என்று அக்காவே ஒருநாள் சொன்னாள், தன்னை மறுபடி வரையக் கூடாது என்ற நிபந்தனையோடு.

வகுப்பு மூன்றாவது மாடியில். ஒவ்வொரு வாரமும் மூச்சு வாங்க ஏறி வந்து, படிக்கட்டுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை எட்டிப் பார்த்து, "இங்க ஒரு லிஃப்ட் தாராளமா வைக்கலாம்" என்பாராம் அவர். அந்தக் கட்டடத்தில் இன்றைக்கும் படிதான்.