ஒரு ஆளுக்கு ஒரு வரி

அவள் அலுவலகத்தில் அணித்தலைவருக்குப் பச்சைக்கொடி என்று பெயர். திரையில் பச்சை விழுந்தால் போதும், உள்ளே போனது சோறா மண்ணா என்று பார்க்க மாட்டார்.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பழைய நோயாளிக் குறிப்புகள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக வந்திருந்தன. அவற்றைச் சீர்படுத்திப் புது டேட்டாபேஸ் அட்டவணைகளில் ஏற்றுவது அவள் வேலை. கோப்பில் 'ஒவ்வாமை' என்று தலைப்பிட்ட குறிப்பு, அதாவது டேக், ஒரு நோயாளிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரும். அட்டவணையிலோ அதற்கு ஒரே கட்டம். இரண்டாவது வந்து உட்கார்ந்தால் முதலாவது காலி. பிழை என்று ஒரு முனகல்கூட வராது.

"சார், ஒவ்வாமைக்குத் தனி டேபிள் போடணும். ரெண்டு நாள் குடுங்க," என்று போன வாரமே கத்திப் பார்த்தாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு வரி போதும்மா. வீட்டுலயே முதல்முதலா காலேஜ் வாசலை மிதிச்சவள்னா எல்லாத்துலயும் நொட்டை சொல்லணுமா?"

"வாசலை மிதிச்சதால இல்ல சார். உள்ள போய்ப் படிச்சதால."

அவர் சிரித்துக்கொண்டே, எல்லாவற்றையும் ஏற்றும் பட்டனைத் தானே தட்டினார். பச்சை விழுந்தது. இன்று காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் புதுத் திரைதான்.

மதியம் அம்மா கூப்பிட்டாள். "அக்காவுக்குக் குடல்வால் வீங்கியிருக்காம்டி. இன்னைக்கே ஆபரேஷன். முன்ன கை முறிஞ்சப்போ காட்டினோமே, அதே பெரிய ஆஸ்பத்திரி."

பேச்சை நிறுத்தாமலே அவள் அக்காவின் வரியைத் தேடி எடுத்தாள். ஒவ்வாமை: தூசு. பழைய கோப்பைத் திறந்தாள். தூசுக்கு மேலே இன்னொரு டேக்: பென்சிலின். சின்ன வயதில் அந்த ஊசிக்குப் பிறகு அக்கா உதடு நீலம் பாய்ந்து கிடந்தது கண்முன் வந்தது.

"அம்மா, அந்த ஊசி ஆகாதுன்னு நர்ஸ்கிட்ட சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, 'தூசு மட்டும்தாம்மா இருக்கு, நீங்க வேற எதையோ நெனச்சுச் சொல்றீங்க'ன்னுச்சு."

"நீ என்ன சொன்னே?"

அம்மாவின் குரலில் பெருமை வழிந்தது. "அதுல எல்லாத்தையும் ஏத்துறதே என் சின்னவதான், அதுல இருந்தா சரியாத்தான் இருக்கும்னேன். படிக்காதவ எனக்கு என்னடி தெரியும்?"

"அந்த ஊசியைப் போட்டாச்சா?"

"இப்பத்தான் ட்ரேயைத் தூக்கிட்டு உள்ள போறா."

"நிறுத்தும்மா! கையைப் பிடிச்சு நிறுத்து! கம்ப்யூட்டர் தப்பு!"

"நீ போட்டதுதானேடி..."

"தப்பும்மா! ஓடு!"

நாற்காலி சரியும் சத்தம். செருப்பு தரையில் அறைந்துகொண்டு ஓடியது. கதவை உள்ளங்கையால் தட்டுவது கேட்டது, நிற்காமல் கேட்டது.

"என்னம்மா இது, சந்தைக்கடையா?" பச்சைக்கொடி தலைக்குமேல் நின்றார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து மெயில் வந்திருக்கு, எல்லாம் அமோகமா ஓடுதாம்."

அவள் திரும்பவில்லை. காதில் போனை அழுத்திக்கொண்டாள். கதவு திறக்கும் ஓசை. அம்மாவின் மூச்சிரைப்பு. அதன்மேல் ஓர் இளம்பெண்ணின் குரல், பொறுமையாக:

"பயப்படாதீங்கம்மா. போட்டாச்சு. வெளிய உக்காருங்க."