மைக்கில் சொன்ன பெயர்கள்

பெற்றோர் கூட்டத்துக்கு எல்லோரும் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள், அல்லது பானுப்ரியாவுக்கு அப்படித் தோன்றியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தாள். கணவன் சரத்குமார் சிங்கப்பூர் போனதிலிருந்து அந்த இடத்தில் கைப்பைதான்.

கேத்தரின் டீச்சர் கரும்பலகையில் எதையும் எழுதவில்லை. பேசினார்.

"பிள்ளைங்க போன்ல என்ன பண்றாங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி, அவங்களப் பத்தி நாம என்னென்ன போட்டிருக்கோம்னு பாருங்க. யூனிஃபார்ம் போட்டோ, பொறந்தநாளு, வீட்ல கூப்பிடுற பேரு. அது போதும், முன்னபின்ன தெரியாதவன் சொந்தக்காரன் மாதிரி வந்து நிப்பான்."

முன் பெஞ்சில் இருந்த ஜீனத் எழுந்தாள். "என் மகன் போனுக்கு மூணு பூட்டு போட்டு வச்சிருக்கான் டீச்சர். எங்க வீட்டுக்காரரு வாசக்கதவுக்கே ஒழுங்கா பூட்டு போட மாட்டாரு."

வகுப்பே சிரித்தது. ஜீனத்தின் கணவர்தான் அதிகம் சிரித்தார். பானுப்ரியாவும் சிரித்தாள். திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஆளில்லாததால் அவள் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

"போனைப் பிடுங்காதீங்க," என்றார் டீச்சர். "பிடுங்கினா அடுத்த தடவை உங்ககிட்ட வர மாட்டாங்க. பக்கத்துல உக்காருங்க. ஏதாவது தப்பா வந்திருந்தா அழிச்சிடாம அப்படியே எடுத்து வச்சுக்கிட்டு புகார் கொடுங்க."

எடமலைப்பட்டி புதூருக்குத் திரும்பும் பஸ்ஸில் பானுப்ரியா நிம்மதியாகவே இருந்தாள். அவள் எங்கேயும் எதையும் போட்டதில்லை. புத்தூர் மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து போட்டோ போட யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஆனாலும் ஒரு உறுத்தல். கோடையில் ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. அதற்குப் பிறகு சுபலட்சுமியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வயசு அப்படி என்று சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சுலபமாகவும் இருந்தது.

வீட்டில் சுபலட்சுமி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் கையிலிருந்த பழைய போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பானுப்ரியாவின் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்தி, அந்தக் கையாலேயே படியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாக இறங்கிப் போனது.

"சிங்கப்பூரா?" என்று கேட்டாள். இருவரும் முன்பெல்லாம் விளையாடும் விளையாட்டு அது.

"இல்லம்மா. அது சாயங்காலம்தான் வரும்."

விமானத்தின் இரைச்சல் அடங்கியது. பிறகு சுபலட்சுமி முழங்காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, ஜீயபுரம் அத்தைக்கு அண்ணன் பையன் ஒருத்தங்க இருக்காங்களா? அறிவுன்னு?"

"ஜீயபுரம் அத்தைக்கு அண்ணனே கிடையாதே, பாப்பு."

மகளின் முகம் சுருங்கிப்போனதைப் பானுப்ரியா பார்த்தாள். போன் மெல்ல அவள் மடிக்கு நகர்ந்து வந்தது.

அறிவு என்ற பெயரில் போனில் எழுதியவன் தன்னை அண்ணன் முறை என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாப்பு என்றே கூப்பிட்டான். தாய்மாமன் செல்லக்கண்ணு கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப்பாவாடை கொண்டுவந்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆரத்தி எடுக்கும்போது அவள் அழுதது தெரிந்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரு மனத்தாங்கல் என்றும், அதனால் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ராஜகோபுரத்துக்கிட்டே வந்தால் பார்க்கலாம் என்பது கடைசியாக வந்தது.

"வரேன்னு சொல்லிட்டியா?"

"இன்னும் சொல்லல."

"ஏன்டி இவ்ளோ நாள் பேசின, யாருன்னே தெரியாம?"

சுபலட்சுமி விரலால் திரையை மேலே தள்ளி, முதல் நாள் வந்த வரியைக் காட்டினாள். *அன்னைக்கு அப்பா வராதது உனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?*

"வேற யாரும் அதைக் கேக்கலம்மா," என்றாள்.

பானுப்ரியா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். உறவுமுறையில் இருக்கும் அத்தனை பேரும் வந்து சாப்பிட்டுப் போன மண்டபம் அது. அவளும் அங்கேதான் இருந்தாள்.

அவன் எல்லாவற்றையும் எங்கிருந்து எடுத்தான் என்பது சரத்குமாரின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்ததும் தெரிந்தது. விசேஷ வீடியோ முழுவதும் அங்கே இருந்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி. அவள் ஓடவிட்டாள். மண்டபத்து மைக் இரைந்தது. "ஜீயபுரம் தாய்மாமன் செல்லக்கண்ணு அவர்கள் கொண்டுவந்த சீர்..." சீர் கொண்டுவந்த ஒவ்வொருவரின் பெயர், ஊர், உறவு. விட்டுப்போனால் மனஸ்தாபம் வரும் என்று மைக் பிடித்தவரிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை படிக்கச் சொன்னதே அவள்தான். நடுவில் யாரோ மைக்கிலேயே, "பாப்பு, நிமிர்ந்து உக்காரு, அப்பா பாக்குறாருல்ல!" என்றார்கள். திரையின் ஓரத்தில் ஒரு கை, விசேஷம் முடியும்வரை, போனை உயர்த்திப் பிடித்திருந்தது. போனுக்குள் தீப்பெட்டி அளவில் சரத்குமாரின் முகம். அந்தக் கை அவளுடையது.

சரத்குமாரைக் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"எங்கேயாவது போய்ட்டாளா அவ?"

"இல்லைங்க. என் பக்கத்துலதான் இருக்கா. நீங்க அந்த வீடியோவை எடுங்க."

"நம்ம சனம் பாக்கட்டும்னுதான் பானு போட்டேன். நான் வரலைன்னு ஊரே பேசுச்சு. அதுல நானும் இருக்கேன்ல, உன் கையில." அவன் குரல் இறங்கியது. "டியூட்டி முடிஞ்சு வந்தா அதைத்தான் பாப்பேன்."

"தெரியுதுங்க. உங்களுக்குத் தனியா அனுப்புறேன். அங்க வேணாம்."

கொஞ்ச நேரம் கழித்து அவள் பக்கத்தைத் திறந்தபோது வீடியோ இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே எடுத்து வைத்தவர்களிடம் அது இருக்கும்.

மறுநாள் இருவரும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எங்க ஆளு அங்க நிப்பாங்க. பொண்ணு வீட்லயே இருக்கட்டும்," என்றார். சுபலட்சுமியைத் திரும்பிப் பார்த்து, "நீ கேட்டது நல்லதும்மா," என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோசை ஆறிக்கொண்டிருந்தது. கோபுரத்து வாசலில் அந்நேரம் எத்தனை கூட்டம் இருக்கும், பூக்காரர்களும் வெளியூர்க்காரர்களுமாக. அதில் ஒருவன் இவளுக்காக நின்றிருப்பானா என்று இருவருமே யோசித்தார்கள். மதியத்துக்கு மேல் இன்ஸ்பெக்டர் அம்மா கூப்பிட்டார். அப்படி யாரும் வரவில்லையாம். நம்பரை வைத்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"அப்போ அவன் யாரும்மா?"

"தெரியல பாப்பு."

சாயங்காலம் சரத்குமார் கூப்பிட்டான். வழக்கமாக மகளிடம், "சாப்டாச்சா, அம்மாகிட்ட குடு," என்பான். இன்று பானுப்ரியா எடுத்ததும், "சுபாகிட்டயே குடு," என்றான். சுபலட்சுமி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து என்ன கேட்டானோ, அவள் கண் நிறைந்தது. "ஆமாப்பா," என்றாள். "ரொம்ப." சொல்லிக்கொண்டே மாடிக்கு ஏறினாள்.

பானுப்ரியா அடுப்படியில் நின்றாள். மேலே மகளின் குரல் தயங்கித் தயங்கி, பிறகு நிற்காமல் ஓடியது. பேசட்டும். அவள் காதைக் கொடுக்கவில்லை. வீடியோவில் பார்த்த அந்தக் கையை, தோளிலிருந்து மணிக்கட்டுவரை, மற்ற கையால் அழுத்திவிட்டுக்கொண்டாள். அன்றைக்கு எவ்வளவு வலித்தது என்று அவளிடமும் யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. மாடியிலிருந்து சுபலட்சுமி பேச்சை நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

"அம்மா! சிங்கப்பூர்! மேல வாம்மா!"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் படியேறினாள்.