ஆறு மணிக்குள் ஒரு சனிக்கிழமை

...குதிகால் வலி இன்றைக்கு மேலேறி முழங்காலைப் பிடித்திருந்தது, ஷிப்டு போடும் நாற்காலி வேலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் பதினோரு வருஷம் நின்ற கால் எதையும் மறக்கவில்லை, இந்த நேரம் பார்த்தா மேனேஜர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், ஆறு மணிக்குப் பழைய ஷிப்டு சாப்ட்வேர் நின்றுவிடும், புதுசு ஏறும், எல்லாருக்கும் சொல்லிடுங்க என்று, என்னமோ டீ வந்துவிட்டது என்பது மாதிரி... மணி இரண்டே கால். ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் தள்ளும் கூடத்தில் நாற்பத்து மூன்று பேர், மெஷின் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது, அவர்களிடம் எப்படிச் சொல்வது, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்ட ஷிப்டுகளின் பாக்கி எதுவும் புதிதில் வராது, ஆறு மணிக்குள் தீராதது அழிந்துபோகும் என்று? உனக்காக இன்றைக்கு நான் நிற்கிறேன், எனக்காக இன்னொரு நாள் நீ நில்... அந்த ஒரு பேச்சில்தானே இந்தக் கூடமே ஓடுகிறது.

தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள். “அப்போ நான் நிக்க வேண்டிய நாலு நாளும் தள்ளுபடியா? நல்ல சாப்ட்வேர்தான்” என்று இஸ்திரி மெஷின்காரர் சிரித்தார், அவருக்காக அந்த நாலு நாளும் நின்ற மூட்டைக்காரர் சிரிக்கவில்லை. “என் முதுகுய்யா அது. சாப்ட்வேரா தூக்குச்சு?” என்றவர் அவள் பக்கம் திரும்பி, “காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றார். எனக்கே இப்பதாண்ணே தெரியும் என்றாள், சொல்லும்போதே அது எவ்வளவு உதவாத பதில் என்று தெரிந்தது. அவர் மூட்டையில் குறி போடும் மார்க்கரை எடுத்துச் சுவரில் நாலு கோடு கிழித்தார்.

மேசைக்கு வந்து அதையே தட்டெழுதி எல்லா எண்களுக்கும் அனுப்பிவிட்டுத் தீராத பாக்கிகளைப் பார்த்துக்கொண்டே போனாள், கடைசி வரி கூடப் பிறந்த அக்காவுடையது, ‘தங்கச்சிக்காக. அவ பையனுக்குக் காய்ச்சல். அப்புறம் வாங்கிக்கிறேன்.’ அக்கா இவளுக்காக நின்ற ஒரு சனிக்கிழமை. அப்போது இருவரும் மடிக்கிற இடத்தில், விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிரே நடந்து வந்து, அக்கா தன் முனையை இவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடிப்பாள், சூடு ஆறாத துணி, ஈர விரல், ஒரு நாளைக்கு நானூறு தடவையாவது அக்கா அப்படி நடந்து வந்தாள்... இப்போது ஒரு தடவை வந்தால் போதும். நாற்காலி கிடைத்த இரண்டாம் மாதம், “அந்தச் சனிக்கிழமையக் குடுடி, பொண்ணை ஹாஸ்டல்ல கொண்டுபோய் விடணும்” என்று கேட்டாளே, ஆள் குறைவு என்று சொன்னது யார்? அக்காவுக்கு மட்டும் சலுகை என்று நாலு பேர் பேசுவார்கள் என்ற பயம்தானே... “சரிங்க மேடம்” என்றாள் அக்கா. பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறியது. அடுத்த மாதம் அக்கா வேலையை விட்டாள். அன்றிலிருந்து ஒரு போன் இல்லை. ஆள் குறைவென்றால், நாற்காலியை விட்டு எழுந்து நானே நின்றிருக்கலாமே? இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை, கால் வலிக்கும் என்றா?

போன் திரையில் அனுப்பிய பட்டியல், நாற்பத்து நான்கு என்றிருந்தது. அக்காவின் எண்ணை நீக்க வேண்டியவள் அவள்தான், நீக்க மனம் வரவில்லை, இப்போது தீர்க்காவிட்டால் அழிந்துவிடும் என்ற சேதி அக்காவுக்கும் போயிருக்கிறது, ஐயோ, என்ன நினைத்திருப்பாள்... படித்துவிட்டாள். ஏதோ எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். நின்றது. போன் செய்யலாமா, செய்து என்ன சொல்வது, எப்படி இருக்கே என்றா?

ஆறு மணிக்குத் திரை வெளுத்தது, பிறகு நீல நிறத்தில் புதிய சாப்ட்வேர் வந்தது, அவள் பெயருக்கு நேரே, பாக்கி ஏதுமில்லை என்றது. அதற்கென்ன தெரியும். அக்காவுக்கு அவள் ஒரு சனிக்கிழமை தர வேண்டும்.